தந்திக்காரியும் மாலுமியும்

போன மாதம் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள், உங்களில் ஒருத்திதான், பெயர் வேண்டாம், வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "உம்மடை அக்காவும் அத்தானும் மாதிரி ஒரு சோடியை இந்தக் காலத்திலை காணேலாது." இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. செத்தவர்களைப் பற்றி நல்லது சொல்கிறாள் என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அந்தச் சோடி எப்படிச் சோடியானது என்பதை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் வளர்ந்த நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். சிலர் அவர்களுடைய கலியாணப் பந்தியிலும் இருந்து பாயசம் குடித்தீர்கள். அதற்கு முந்திய சில மாதங்களைத்தான் எல்லோரும் சௌகரியமாக மறந்துவிட்டீர்கள். மூட்டு வலிக்கு மருந்து குடித்தேனா என்பது எனக்கு மறந்துபோகிறது. இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

யுத்தம் ஐரோப்பாவில் தொடங்கி, எங்களிடம் இன்னும் வந்து சேராத காலம் அது. கடற்கரையில் முட்கம்பி போடவில்லை. நெசவாலைச் சங்கு வழக்கம்போல ஊதியது, கால்வாய் வழக்கம்போல நாறியது. எங்கள் வீட்டுக்கு வந்த யுத்தம் ஒன்றே ஒன்றுதான். மதராசிலிருந்து வரும் வாரப் பத்திரிகை, கடதாசித் தட்டுப்பாடு என்று மெலியத் தொடங்கி, ஒருநாள் எங்கள் தொடர்கதையை நிறுத்திவிட்டது.

அந்தத் தொடர்கதையில் துப்பறிகிறவர்கள் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அவன் ஓடிப் பிடிப்பான், அவள் யோசித்துப் பிடிப்பாள். அக்கா சத்தமாக வாசிக்க, ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் விறாந்தையில் குந்தியிருந்து கேட்போம். கடைசி இதழில் இருவரையும் ஒரு நிலவறையில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். பிறகு ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்தவரை அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயது. சீனியர் சோதனை பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தாள். மச்சான், அப்பாவின் தங்கை மகன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் முன்னறையில் தங்கி, துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக வேலை பார்த்தார். அப்பா ஆளைப் பிடித்து எடுத்துக் கொடுத்த வேலை. பின்னேரம் அவர் வரும்போது கோட்டுப் பையில் கடதாசியில் சுருட்டிய கடலைச் சரை இருக்கும். அந்தக் கோட்டில் மை வாசமும் வறுத்த கடலை வாசமும் சேர்ந்து அடிக்கும்.

நாங்கள் கதை கேட்டு நச்சரித்த ஒரு பின்னேரம் அவர்தான் சொன்னார். "பத்திரிகைக்காரன் தராட்டி என்ன? நாங்களே ஒரு சோடியைச் செய்வம். ஆம்பிளையை நான் பாக்கிறன். பொம்பிளையை நீர் பாரும்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "என்ரை ஆள் தந்தி அடிக்கிறவள்" என்றாள். கொழும்புக் கோட்டையில் தந்திக் கந்தோரில் ஒரு பறங்கிப் பெண் விரலால் தட்டத் தட்டச் செய்தி கடல் கடந்து போவதை ஒருநாள் பார்த்துவிட்டு வந்து, நாள் கணக்கில் அதையே கதைத்துக்கொண்டிருந்தவள் அவள். மச்சானின் ஆள் மாலுமி ஆனான். அவர் எப்போதும் மாலுமியை முதலில் சொல்வார், அக்கா தந்திக்காரியை முதலில் சொல்வாள். பிள்ளைகள் நாங்கள் அக்கா பக்கம்.

கதை கடற்கரையில்தான் நடக்கும். பின்னேரத் தேத்தண்ணி முடிந்ததும் மச்சான் முன்னால், அக்கா பின்னால், நடுவில் நாங்கள். குமர்ப்பிள்ளையைக் கடற்கரைக்கு அப்பா சும்மா விட மாட்டார். மச்சானும் இத்தனை பிள்ளைகளும் போவதால் விட்டார். ரயில் பாதையைக் கடக்கிற இடத்தில் கேற்காரர், "நங்கி, கோச்சிய எனவா!" என்று கத்துவார். கோச்சி வருகிறது என்றதும் ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் நாங்கள் கைகோத்து நிற்போம். கரிப் புகையும் உப்புக் காற்றும் ஒன்றாக மூக்கில் ஏறும். அப்புறம் கற்பாறைகளில் இடம் பிடித்து உட்கார்ந்தால், பாவாடைக் கரை ஈரமாவது யாருக்கும் தெரியாது.

கோச்சி போகும்போது ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. ஆகவே கோச்சி போனால் கதை கைமாறும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் இல்லையென்று அழிக்கக் கூடாது, அங்கிருந்துதான் தொடர வேண்டும். மச்சான் கோச்சி நேரங்களைப் பாடமாக்கி வைத்திருந்தார். வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்து மாலுமியையும் தந்திக்காரியையும் கொண்டுபோய் இக்கட்டில் மாட்டிவிட்டுச் சிரிப்பார். அக்கா அவசரப்பட மாட்டாள். ஒரு கடலையைத் தோல் உரித்து வாயில் போட்டுக்கொண்டு யோசிப்பாள்.

ஒருமுறை கொள்ளைக்காரர்கள் இருவரையும் கப்பலின் அடித்தளத்தில் கட்டிப்போட்டுவிட்டார்கள். கோச்சி போனது. தந்திக்காரி குனிந்து மாலுமியின் முதுகில் தலையைத் தேய்த்துக் கொண்டை ஊசியைக் கழற்றி, அதைப் பல்லால் கவ்வி, தண்ணீர்க் குழாயில் தட்டித் தட்டி மேலே இருந்த கப்பற் சமையற்காரனுக்குத் தந்தி அனுப்பினாள்.

"அந்தக் குசினிக்காரனுக்குத் தந்தி வெளங்குமா?" என்று நானாவின் மகள் கேட்டாள். ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் மகள், என் வயதுக்காரி. அவளுக்குச் சந்தேகம் வராத கதை கிடையாது.

"விளங்கும். போன கிழமையே தந்திக்காரி பழக்கி வைச்சவள். ஆம்பிளையள் மாதிரி அவள் கடைசி நேரத்திலை யோசிக்கிறேல்லை" என்றாள் அக்கா. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு வந்த சந்தேகம் வேறு. "அக்கா, இவையள் எப்ப கலியாணம் செய்வினம்?"

"ஏன் செய்யவேணும்? ரெண்டு பேருக்கும் இவ்வளவு வேலை கிடக்கு."

"செய்ய நினைச்சாலும் மாலுமிக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" என்றார் மச்சான். மறுபடியும் சிரிப்பு. காற்று வாங்க வந்த பெரியவர்கள் அந்தச் சிரிப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். என்ன கதைக்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முறை மச்சானும் முறை மச்சாளும் ஒன்றாகச் சிரித்தால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும்.

அந்த வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு நல்லது நடந்தது. கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பிக்க ஆள் தேடுகிறார்கள் என்று மச்சான்தான் கேள்விப்பட்டு வந்தார். அவருடைய கந்தோர் அந்தப் பக்கம். விண்ணப்பத்துக்கு இங்கிலீசு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். "கலியாணம் சரிவரும் வரைக்கும் போகட்டும்" என்று அப்பா சம்மதித்தார். அந்த "வரைக்கும்" எவ்வளவு குட்டையானது என்று அக்காவுக்கு அப்போது தெரியாது.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். புறக்கோட்டை வரை பஸ், பிறகு ட்ராம். வெங்காய மூட்டையும் கருவாடும் வண்டி மாட்டுச் சாணமும் மணக்கிற தெருக்கள். பள்ளிக்கூடத்துக்குள் போனால் சவர்க்காரம் போட்டுக் கழுவிய தரையின் வாசம். தலைமைக் கன்னியாஸ்திரியான மதருக்குத் தமிழ் அரைகுறை. "உனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று அக்காவைக் கேட்டார். "கதை சொல்லத் தெரியும், மதர்" என்றாள் அக்கா. மதர் அவளைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அக்கா தந்திக்காரியைச் சொன்னாள். மாலுமியின் பங்கையும் அவளே சொன்னாள். மணி அடித்தும் ஒரு பிள்ளையும் எழும்பவில்லை. மதருக்குக் கதை எவ்வளவு விளங்கியதோ தெரியாது, அந்தப் பிள்ளைகளின் முகம் விளங்கியது. தை மாதம் வந்து சேரச் சொன்னார். பள்ளிக்கூடத்திலேயே தங்கலாம், நன்றாகச் செய்தால் ஆசிரியப் பயிற்சிக்கும் அனுப்புவோம் என்றார். திரும்பி வரும்போது ட்ராமில் அக்கா வெளியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் கையை விடவேயில்லை. "இனித் தந்திக்காரிக்குச் சொந்தமாய் ஒரு கந்தோர்" என்றார் மச்சான். அவருக்கும் உண்மையான சந்தோஷம். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிற்பாடு அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

கார்த்திகையில் மாமி, மச்சானின் தாய், யாழ்ப்பாண மெயிலில் வந்து இறங்கினார். காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் பனம்பழப் பினாட்டும் கட்டிய பனையோலைப் பெட்டியை வைத்துவிட்டு, ஆறவும் இல்லை, பின்னேரமே அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்களோடு கடற்கரைக்கு வந்தார். அன்றைக்குக் கதையில் சண்டை. தந்திக்காரி தனியாக ஒரு தீவுக்குப் போக வேண்டும் என்கிறாள் அக்கா, மாலுமி விடமாட்டான் என்கிறார் மச்சான். இருவரும் மாறி மாறிக் கத்துகிறார்கள். மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "இப்பவே புருசன் பெண்சாதி மாதிரியெல்லோ பிடுங்குப்படுகினம்" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றும் தாமதமாகவில்லை. சாதகம் பார்த்தார்கள், பொருந்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு அக்காவைக் கூப்பிட்டார். மாமியும் அம்மாவும் பக்கத்தில். மச்சானை ஏதோ வாங்கிவரச் சொல்லிக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"பிள்ளை, உனக்கும் மச்சானுக்கும் செய்து வைப்பம் எண்டு யோசிக்கிறம். என்ன சொல்லுறாய்?"

"எனக்கு வேண்டாம், அப்பா" என்றாள் அக்கா. குரல் தெளிவாகத்தான் இருந்தது. "நான் தை மாதம் கொட்டாஞ்சேனைக்குப் போகப்போறன்."

அவர்கள் சிரித்தார்கள். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று பேரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். "உடனை ஓம் எண்டு சொல்லியிருந்தால்தான் நான் யோசிச்சிருப்பன்" என்றார் மாமி. "வெக்கம் இருக்கவேணும் பொம்பிளைப் பிள்ளைக்கு. நல்லாய் வளத்திருக்கிறாய், அண்ணை."

உங்களுக்குத் தெரியும் எங்கள் வழக்கம். கேட்டவுடன் ஓம் என்கிறவள் அடக்கம் இல்லாதவள். வேண்டாம் என்று சொல்லி உள்ளே ஓடுகிறவள் நல்ல பிள்ளை. அப்படியானால் உண்மையிலேயே வேண்டாதவள் எந்தச் சொல்லைச் சொல்வது? அதற்கு எங்கள் ஆட்கள் ஒரு சொல்லையும் விட்டுவைக்கவில்லை. அக்கா திரும்பவும் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். குசினியில் அம்மியடியில் இருந்து அழுதாள். அம்மா பக்கத்தில் போய் அவள் தலையைத் தடவினார். "அழாதை, மோனை. நானும் இப்பிடித்தான் அழுதனான். எல்லாம் சரிவரும்."

இத்தனை வயதுக்குப் பிறகு எனக்கு அந்தப் பேச்சுத்தான் அடிக்கடி ஞாபகம் வருகிறது. அம்மா எதற்காக அழுதார்? வெட்கத்திலா? அவரிடமும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை, அவர் உயிரோடு இருந்தபோது எனக்கு அந்தக் கேள்வி வரவேயில்லை.

அக்கா கடைசியாக மச்சானிடம் போனாள். கடற்கரையில், எங்களைக் கொஞ்சம் தள்ளி விளையாடச் சொல்லிவிட்டு. நான் தள்ளிப் போகவில்லை.

"நான் சொன்னால் வெக்கம் எண்டு சிரிக்கினம். நீங்கள் சொன்னால் கேப்பினம். எனக்கு உங்களைப் பிடிக்காமல் இல்லை, மச்சான். எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம், அவ்வளவுதான். உங்களுக்கும் அந்த நினைப்பு இல்லைத்தானே?"

மச்சான் ஒரு சிப்பியை எடுத்துக் கடலுக்குள் எறிந்தார். "இல்லை" என்றார். "நாளைக்கு மாமாவோடை கதைக்கிறன். நீர் யோசியாதையும்."

அன்றைக்கு அக்கா வீடு வரும்வரை என்னைக் கேலி பண்ணிக்கொண்டே வந்தாள். பல நாளைக்குப் பிறகு இரண்டு குழல் பிட்டுச் சாப்பிட்டாள். மாலுமி எத்தனை பேருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றவன்! கொள்ளைக்காரனின் கத்திக்கு முன்னால் நின்றான், தேசாதிபதியின் முகத்துக்கு நேரே நியாயம் கேட்டான். ஆறு மாதமாக மச்சானின் வாயால் அதையெல்லாம் கேட்டு வந்த எங்களுக்கு, மாமாவோடு கதைப்பது ஒரு பெரிய காரியமாகவே தெரியவில்லை.

மறுநாள் பின்னேரம் மச்சான் கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். அக்காவும் நானும் அறை வாசல் திரைச்சீலைக்குப் பின்னால். அப்பா பேப்பரை மடித்தார்.

"என்ன தம்பி, என்னவோ கதைக்கவேணும் எண்டாயாம்?"

மச்சான் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார். கோட்டுப் பைக்குள் கையை விட்டு எடுத்தார். கடலைச் சரையின் கடதாசி சரசரத்தது.

"இல்லை மாமா... கந்தோரிலை லீவு எழுதிக் குடுக்கவேணும். நாள் எப்ப எண்டு தெரிஞ்சால் நல்லது."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பார், என்ன அவசரம் ஆளுக்கு!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அக்கா திரைச்சீலையை விட்டுவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் இருந்தாள். அவள் அழவில்லை. அழுதாலும் அதையும் யாராவது வெட்கக் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். மாமா போட்ட சோறு, மாமா எடுத்துக் கொடுத்த உத்தியோகம், அதனால் வந்த பயமாக இருக்கலாம். அல்லது அக்காவிடம் இல்லை என்று சொன்னதுதான் பொய்யாக இருக்கலாம். இரண்டும் கலந்தும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பிரேதத்துக்கு முன்னால் நின்றபோதும் வரவில்லை.

தை மாதம் கலியாணம் நடந்தது. வீட்டு முற்றத்தில் பந்தல், கொட்டாஞ்சேனையிலிருந்து மேளகாரர். நீங்களும் வந்தீர்கள். மணவறையில் அக்கா குனிந்த தலை நிமிரவில்லை, எல்லோரும் அதையும் புகழ்ந்தீர்கள். "இனி மச்சான் எண்டு கூப்பிடக் கூடாது, அத்தான் எண்டு சொல்லவேணும்" என்று அம்மா எனக்குச் சொல்லித் தந்தார். மதரிடம் போய்ச் செய்தி சொன்னதும் அத்தான்தான், கந்தோர் அந்தப் பக்கம் அல்லவா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரத்தில் பூ வேலை செய்த, தேத்தண்ணித் தட்டத்தில் விரிக்கிற ஒரு துணியை மதர் கலியாணப் பரிசாகக் கொடுத்துவிட்டிருந்தார். அக்கா அதை விரித்துப் பார்த்துவிட்டு மா டின்னின் மேல் போட்டாள். கொஞ்ச நாளில் அதில் டின்னின் கறள் கறையாய்ப் பிடித்து, பிறகு எங்கே போனதென்று தெரியாது.

கடற்கரைக்குப் போவதும் நின்றது. கலியாணமானவள் பிள்ளைகளோடு பாறையில் இருந்து கத்துவது அழகில்லை என்று மாமி எழுதியிருந்தாராம். நாங்கள் அத்தானைக் கதை கேட்டு அரித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் நல்ல மனநிலையில் இருந்தார். எங்கள் விறாந்தையில் கதிரையைப் போட்டு, அப்பாவைப் போலவே காலை நீட்டிக்கொண்டு தொடங்கினார். மாலுமி கப்பலேறினான் என்றார்.

"அவ எங்க ஈக்கிற?" என்று கேட்டாள் நானாவின் மகள்.

"ஆர், தந்திக்காரியோ? அவ கரையிலை. மாலுமியைக் கலியாணம் செய்திட்டா. வீடு வாசலைப் பாத்துக்கொண்டு, அவன் வரேக்கை சமைச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறா."

அக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நின்றாள். "அவள் அப்பிடி நிக்கமாட்டாள்" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. பழைய நாட்களில் கதைக்குள் சொல்கிற குரல்தான்.

அத்தான் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை, சிரித்த முகம். "கதை சொல்லுறது நான். நீ உள்ளை போய் அடுப்பைப் பார்" என்றார். கலியாணத்துக்கு முதல் அவர் அக்காவை நீ என்று ஒருநாளும் சொன்னதில்லை. அக்கா தட்டத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். நானாவின் மகள் எழும்பினாள். "எனக்கு இந்தக் கத வாணாம்" என்று பாவாடையைத் தட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மற்றப் பிள்ளைகள் நாங்கள் இருந்தோம். கதை என்றால் அவ்வளவு பசி எங்களுக்கு.

அத்தான் வழக்கம்போல மாலுமியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டார். கப்பலில் தீ. மாலுமியைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கடலில் சுறாக்கள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம். "பிறகு?" என்றோம். அத்தான் தேத்தண்ணியைக் குடித்தார். "பிறகு..." என்றார். கோச்சி ஒன்று போனது. அது போன பின்னும் அவருக்கு ஒன்றும் வரவில்லை. மாலுமிக்கு வழி பார்க்க அவர் ஒருநாளும் பழகியிருக்கவில்லை. அவர் கதிரையில் திரும்பி, குசினிப் பக்கம் பார்த்து, பழைய நாட்களின் உற்சாகத்தோடு கூப்பிட்டார்.

"இஞ்சரும்! இனி இவன் என்னெண்டு தப்புறது?"

உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"சாகட்டும்" என்றாள் அக்கா.

மறுபடியும் துருவத் தொடங்கினாள்.